படம் அச்சான கதை: கொல்கத்தாவில் ஒரு குடும்பமும் ஓர் அச்சுக்கூடமும்

1987ஆம் ஆண்டு நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்புக்காக ஒரு படப் புத்தகம் போட்டோம். மூத்த உறுப்பினர்களுக்கு அது நினைவிருக்கும். நினைவிருந்தும், நாகரிகம் கருதி இத்தனை ஆண்டுகளாக யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. இப்போது நானே எடுக்கிறேன்.

பதினாறு பக்கம். எழுத்துக்கு ஒரு படம். அலிப்பூர் மிருகக்காட்சி சாலையில் அன்பர் ஒருவர் எடுத்த போட்டோக்கள் கையில் இருந்தன. தாள் என் உபயம். தொழிலே காகித வியாபாரம் என்பதால் அது என் தலையில் விழுந்தது. நானும் பெருமையாகத்தான் ஏற்றுக்கொண்டேன். பிளாக் செய்கிறவரிடம் போய் "குழந்தைகள் புத்தகம், உசத்தியா எடுங்க" என்று சொன்னேன். அவர் 120 வரித் திரையில் மிக நேர்த்தியாக எடுத்துக் கொடுத்தார். நான் அச்சகத்துக்கு அனுப்பிய தாளோ, கிடங்கில் தேங்கிக் கிடந்த மட்டரகச் சரக்கு. நியூஸ்பிரிண்டுக்குத் தம்பி முறை.

புத்தகம் வந்தது. "யா" என்ற எழுத்துக்கு நேரே யானை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு அப்பல் இருந்தது. வகுப்பில் ஐந்து வயதுப் பெண் ஒருத்தி, "மாமா, இது என்ன, கரியா?" என்று கேட்டாள். கரி என்றால் அடுப்புக் கரி. நம் நிகண்டுகளில் கரி என்றால் யானையும்தான். தமிழில் சிலேடை என்பார்களே, அதை நான் காசு போட்டு 500 பிரதி அச்சடித்திருந்தேன்.

அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பிளாக் செய்த முதியவரிடம் போனேன். அவரை நான் காக்காபாபு என்றுதான் கூப்பிடுவேன். வங்காளத்தில் காக்கா என்றால் சித்தப்பா. (ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார், "ஏண்டா, பெரிய மனுஷரைப் போய்க் காக்காங்கறே" என்று கடிந்துகொண்டது தனிக் கதை.) அவர் கண்ணாடி லென்ஸை வைத்து யானையைப் பார்த்தார், தாளைத் தடவினார், என்னைப் பார்த்தார். "நைனார் பாபு, பிளாக் தப்பில்லை, மையும் தப்பில்லை, உங்கள் தாள்தான் தப்பு. இதை 65 வரியில் எடுத்திருக்க வேண்டும். எந்தத் தாள் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை" என்றார். அப்புறம் சொன்னார்: "இந்தப் புள்ளிக் கணக்கையெல்லாம் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம ஊரில் ஒருவர் உட்கார்ந்து போட்டுவிட்டார். அதுவும் குழந்தைகள் புத்தகத்துக்காக."

அவர் குறிப்பிட்டது உபேந்திரகிஷோர் ராய் சௌதுரியை. சத்யஜித் ராயின் தாத்தா என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று விளங்கும். நான் படித்தது பள்ளி இறுதி வகுப்புவரைதான்; வங்காளம் கற்றது பில் புத்தகத்திலும் காலேஜ் தெருப் பழைய புத்தகக் கடைகளிலும். ஆனால் என் கடை இருக்கும் பைட்டக்கானாவிலிருந்து அந்தக் குடும்பத்தின் அச்சுக்கூடம் இருந்த கர்பார் ரோட்டுக்குப் பொடிநடையாகப் போய்விடலாம். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம். படித்ததையும் கேட்டதையும் நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று இங்கே எழுதுகிறேன். இந்த ஊரில் நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வங்காளக் கதைகளும் பாட்டுகளும் பாதிக்கு மேல் இவர்கள் வீட்டுச் சரக்குதான்.

முதலில், இவர்களுக்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்ப்போம். வங்காள மொழியில் படத்தோடு அச்சான முதல் புத்தகம் என்று 1816இல் கங்காகிஷோர் பட்டாசார்யா வெளியிட்ட 'அன்னதாமங்கல்' நூலைச் சொல்வார்கள். அது பெரியவர்கள் படிக்கும் காவியம். பிறகு சித்பூர்ப் பக்கம் 'பட்டலா' என்று பேர் போன மலிவுப் பதிப்புக்காரர்கள் பஞ்சாங்கத்திலும் கதைப் புத்தகத்திலும் மரக்கட்டையில் செதுக்கிய படங்களைப் போட்டார்கள். குழந்தைக்கென்று வந்தது பாடப் புத்தகம்தான். வித்யாசாகர் 1855இல் எழுதிய 'வர்ண பரிசய்' இன்றும் வங்காளக் குழந்தை எழுத்தறியும் புத்தகம். அருமையான நூல், ஆனால் நல்ல பிள்ளை எப்படி இருப்பான், கெட்ட பிள்ளை எப்படிப் போவான் என்ற உபதேசம் அதில் தூக்கலாக இருக்கும்.

குழந்தை சிரிக்க வேண்டும் என்று எண்ணிப் புத்தகம் போட்டவர்கள் பெரும்பாலும் பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. 1883இல் பிரமதாசரண் சென் 'சகா' என்ற சிறுவர் மாத இதழைத் தொடங்கினார். 1891இல் ஜோகீந்திரநாத் சர்க்கார் 'ஹாசி ஓ கேலா' கொண்டுவந்தார். சிரிப்பும் விளையாட்டும் என்று பொருள். பாடப் புத்தகமாக இல்லாமல் குழந்தைக்கென்றே படத்தோடு வந்த முதல் வங்காள நூல் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். 1897இல் அவரே போட்ட 'ஹாசி குஷி' என்ற எழுத்துப் புத்தகம் இன்றும் நடைபாதைக் கடையில் கிடைக்கும்.

இந்தப் புத்தகங்களில் படம் எப்படி வந்தது என்பதுதான் என்னைப் போன்ற தொழில்காரனுக்கு முக்கியம். ஓவியர் ஒரு படம் வரைவார். அதை மரச் செதுக்குக்காரர் கெட்டி மரத்துண்டில் இடம் வலம் மாற்றிப் படியெடுத்து, வெள்ளையாக வர வேண்டிய இடத்தையெல்லாம் தோண்டி எடுப்பார். மிஞ்சி நிற்கும் மேட்டில் மை தடவினால் படம். ஓவியர் கையில் இருந்த முகபாவம் செதுக்குக்காரர் உளியில் தப்பிப் பிழைத்தால்தான் உண்டு. கோட்டுப் படம் ஒருவாறு பிழைக்கும். நிழலும் வெளிச்சமும் கலந்த படம் பிழைக்காது.

எங்கள் வந்தவாசிப் பக்கத்துச் சமண ஊர்களில் சாத்திர தானம் என்று ஒரு வழக்கம் உண்டு. ஏட்டைப் படியெடுத்துக் கொடுப்பது அன்னதானத்துக்குச் சமமான புண்ணியம் என்பார்கள். என் பாட்டனார் வைத்திருந்த ஓலைக்கட்டில் எழுத்துத்தான், படம் கிடையாது. எழுத்தைப் படியெடுப்பவர் ஒரு எழுத்தைக் கோணலாகப் போட்டாலும் பொருள் மாறாமல் வந்து சேரும். படத்தில் கண்ணைக் கோணலாகப் போட்டால் ராமன் வேறு ஆளாகிவிடுவான். உபேந்திரகிஷோருக்கு நடந்தது இதுதான்.

அவர் 1863இல் மைமன்சிங் மாவட்டத்து மசூவா கிராமத்தில் பிறந்தவர். இன்று அது பங்களாதேஷில் இருக்கிறது. பெற்றோர் வைத்த பெயர் காமதாரஞ்சன். ஐந்து வயதில் ஜமீன்தார் உறவினர் ஒருவர் சுவீகாரம் எடுத்துப் பெயரை மாற்றினார். கல்கத்தாவுக்குப் படிக்க வந்து, பிரம்ம சமாஜத்தில் சேர்ந்து, வயலின் வாசித்து, ஓவியம் தீட்டி, போட்டோ பிடித்து, 'சகா'வில் குழந்தைகளுக்கு எழுதவும் தொடங்கினார். 1890களில் சிறுவர்களுக்காக ராமாயணத்தை எழுதி, படமும் தாமே வரைந்தார். புத்தகம் அச்சாகி வந்தபோது மரக்கட்டையில் தம் படங்கள் பட்ட பாட்டைப் பார்த்து நொந்துபோனார்.

இந்த இடத்தில் வேறு ஒருவராக இருந்தால் செதுக்குக்காரரைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். இவர் லண்டனில் பென்ரோஸ் கம்பெனியிலிருந்து கேமராவும் கருவிகளும் புத்தகங்களும் வரவழைத்தார். 1895இல் சொந்தமாக பிளாக் தயாரிக்கும் தொழிலைத் தொடங்கினார். கற்றுக்கொடுக்க இந்த ஊரில் ஆள் கிடையாது. புத்தகத்தைப் படித்து, இருட்டறையில் தாமே செய்து பார்த்துப் பழகினார்.

அவர் பிடித்துக்கொண்ட தொழில் 'ஹாஃப்டோன்' என்பது. இளையவர்கள் அறிய இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அச்சு இயந்திரத்துக்குக் கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும். சாம்பல் நிறம் தெரியாது. மை உண்டு, அல்லது இல்லை. அப்படியானால் ஒரு முகத்தின் நிழலை எப்படி அச்சடிப்பது? படத்தைப் புள்ளிகளாக உடைத்துவிட வேண்டும். நிழலில் பெரிய புள்ளி, வெளிச்சத்தில் சின்னப் புள்ளி. தூரத்தில் பார்க்கும் கண் அவற்றைச் சேர்த்து, சாம்பலாகவும் வெளுப்பாகவும் எடுத்துக்கொள்ளும்.

புள்ளியாக உடைப்பதற்கு ஒரு சல்லடை வேண்டும். இரண்டு கண்ணாடித் தகட்டில் நெருக்கமாகக் கோடு கிழித்து, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஒட்டினால் அதுதான் திரை. அதைக் கேமராவுக்குள், ரசாயனம் பூசிய தகட்டுக்குச் சற்று முன்னால் நிறுத்தி அசல் படத்தைப் போட்டோ எடுப்பார்கள். ஒவ்வொரு கட்டத்தின் வழியாகவும் வரும் ஒளியின் அளவுக்கு ஏற்பப் புள்ளி பெருக்கும், சிறுக்கும். அந்தப் படத்தைத் துத்தநாகத் தகட்டிலோ செம்புத் தகட்டிலோ ஏற்றி, புள்ளி இல்லாத இடத்தை அமிலம் போன்ற அரிக்கும் திரவத்தில் அரித்தெடுத்தால் பிளாக் தயார். அங்குலத்துக்கு 120 வரி என்றால் ஒரு சதுர அங்குலத்தில் 14,400 புள்ளி. 65 வரி என்றால் 4,225. வழவழப்பான ஆர்ட் பேப்பர் 14,400 புள்ளியையும் தனித்தனியாகத் தாங்கும். சொரசொரத்த தாளில் மை கசிந்து, பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும். என் யானை கரியான ரகசியம் இதுதான்.

திரைக்கும் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது, லென்ஸின் துவாரம் எந்த அளவு, என்ன வடிவம் என்பதை அக்காலத்தில் பெரும்பாலும் கைப்பழக்கத்தில்தான் செய்துவந்தார்கள். சமையலில் உப்புப் போடுவதுபோல. உபேந்திரகிஷோர் இதைக் கணக்காக்கினார். துவாரம், திரையின் தூரம், கேமரா நீளம் இவற்றுக்குள் என்ன விகிதம் என்று ஆராய்ந்து, பென்ரோஸ் கம்பெனி லண்டனில் வெளியிட்டுவந்த அச்சுத்தொழில் ஆண்டு மலரில் 1897 முதல் கட்டுரைகளாக எழுதினார். திரையைத் தானாகவே சரியான தூரத்தில் நிறுத்தும் முறை, கோடுகள் 60 பாகைக் கோணத்தில் வெட்டிக்கொள்ளும் திரை, ஒரே படத்துக்குப் பல துவாரங்களைப் பயன்படுத்துவது என்று பல பொருள்கள். 1911-12 மலர் வரையில் அவர் பெயர் வருகிறது. கல்கத்தாச் சந்து ஒன்றில் உட்கார்ந்து ஒருவர் எழுதுவதை லண்டன் தொழில்காரர்கள் படித்தார்கள் என்பது அந்த நாளில் லேசான காரியம் இல்லை.

சரி, இதற்கெல்லாம் காசு? வியாபாரியாக நான் முதலில் கேட்கும் கேள்வி இது. குழந்தைப் புத்தகம் விற்றுக் கேமராக் கடன் அடையாது. யூ.ராய் என்ற அவருடைய நிறுவனம், பின்னாளில் யூ.ராய் அண்ட் சன்ஸ், ஊரார் வேலையைச் செய்தது. ராமானந்த சட்டோபாத்யாய் நடத்திய 'பிரபாசி', 'மாடர்ன் ரிவ்யூ' இதழ்களில் வந்த ஓவியங்களின் பிளாக்குகள் இங்கே தயாரானவை. அவனீந்திரநாத் தாகூர் முதலானவர்களின் வண்ண ஓவியங்களை வீட்டில் உட்கார்ந்தபடி ஜனங்கள் பார்த்தது அப்படித்தான். மூன்று வண்ண பிளாக்கில் கை தேர்ந்ததும் இந்தக் கூலி வேலையில்தான். ஆக, பெரியவர்களின் பத்திரிகை கொடுத்த வரும்படியிலும் பழக்கத்திலும் குழந்தைகளின் படம் வளர்ந்தது. இதை வங்காள ஆசிரியர்கள் அவ்வளவாக அழுத்திச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் இந்தக் கதையின் முதுகெலும்பாகத் தெரிகிறது.

1910இல் 'டுன்டுனிர் பொய்' வந்தது. டுன்டுனி என்பது தையல்சிட்டு. 'பொய்' என்றால் வங்காளத்தில் புத்தகம். இதைச் சொன்னாலே நம் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ராஜாவையே ஏய்க்கும் சிட்டு, ஏமாறும் புலி, தந்திர நரி என்று எல்லாம் கிழக்கு வங்கத்துக் கிராமக் கதைகள். சாயங்காலம் குழந்தை சாப்பிடாமல் தூங்கிவிடக் கூடாதே என்று அங்கே பெண்கள் சொல்லும் கதைகள் இவை என்று அவரே முன்னுரையில் குறிப்பிடுகிறார். நம் வீட்டுப் பாட்டிகள் சோற்றுக் கிண்ணத்தோடு நிலாவைக் காட்டுவது மாதிரிதான். படங்களும் அவர் கைவண்ணம்.

1913 ஏப்ரலில், வங்காளக் கணக்கில் 1320 வைசாக மாதம், 'சந்தேஷ்' இதழ் பிறந்தது. சந்தேஷ் என்றால் செய்தி. இந்த ஊரில் சந்தேஷ் என்றால் பால் திரட்டில் செய்யும் இனிப்பும்கூட. பெயரிலேயே வேலையைச் சொல்லிவிட்டார். கதை, பாட்டு, புராணம், விஞ்ஞானம், புதிர், வண்ணப் படம். எழுதியவரே வரைந்தார், வரைந்தவரே பிளாக் எடுத்தார், அவர் அச்சகமே அடித்தது. 1914இல் 100, கர்பார் ரோட்டில் தாமே திட்டமிட்டுக் கட்டிய வீட்டுக்குக் குடிபோனார்கள். முன்பக்கம் அச்சுக்கூடம், பின்பக்கம் குடும்பம். மறு ஆண்டு 'சந்தேஷ்' இதழில் 'கூபி காயேன்' கதை வந்தது. பின்னாளில் பேரன் சினிமா எடுத்தாரே, அதே கூபியும் பாகாவும். அந்த 1915 டிசம்பரில் உபேந்திரகிஷோர் காலமானார். வயது 52.

மூத்த மகன் சுகுமார் அதற்குள் தயாராகியிருந்தார். 1887இல் பிறந்தவர், பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகமும் ரசாயனமும் படித்து, 1911இல் உதவித்தொகையில் இங்கிலாந்து போய், லண்டனிலும் மான்செஸ்டரிலும் பிளாக் தொழிலையும் அச்சையும் முறையாகப் பயின்றுவந்தார். அப்பா தட்டுத் தடுமாறிக் கற்றதை மகன் பள்ளிக்கூடத்தில் கற்றார். 1913இல் திரும்பி, அப்பா போனபின் 'சந்தேஷ்' ஆசிரியரானார்.

அவருடைய 'ஆபோல் தாபோல்' பாட்டுகளை அறியாத வங்காளி கிடையாது. லேக் மார்க்கெட்டில் காய்கறி விற்பவர்கூட இரண்டு பாட்டுச் சொல்வார். வாத்தும் முள்ளம்பன்றியும் ஒட்டி ஒரே பிராணியாகிவிடும் விசித்திர உலகம் அது. அர்த்தம் தேடாதே, ரசி என்பது கட்சி. எனக்கு வியப்பாக இருப்பது அதன் படங்கள். உலகத்துப் புள்ளி வித்தையெல்லாம் கற்றுவந்த மனிதர், தம் உயர்ந்த படைப்புக்குப் புள்ளியே வேண்டாத வெறும் கோட்டுச் சித்திரங்களை வரைந்தார். கோட்டு பிளாக்குக்குத் திரை வேண்டாம், ஆர்ட் பேப்பர் வேண்டாம், எந்தத் தாளிலும் பளிச்சென்று விழும். எதை எங்கே பயன்படுத்தக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பது என் ஊகம். வங்காள நண்பர்கள், "நைனார் பாபு, கலையைத் தாள் விலையில் அளக்காதீர்கள்" என்பார்கள். அளந்தவர்கள்தான் அந்தக் கலையைச் செய்தார்கள் என்பேன்.

சத்யஜித் பிறந்த 1921இலேயே சுகுமாரைக் காலா-அஜார் காய்ச்சல் பிடித்துவிட்டது. அன்று அதற்குச் சரியான மருந்து பரவவில்லை. இரண்டரை ஆண்டு படுக்கையில் கிடந்தபடியே எழுதினார், வரைந்தார், தம் புத்தகத்தின் பக்க அமைப்பைத் தாமே செய்தார். 1923 செப்டம்பர் 10ஆம் தேதி 35 வயதில் மறைந்தார். 'ஆபோல் தாபோல்' புத்தகமாக வெளிவந்தது செப்டம்பர் 19ஆம் தேதி. ஒன்பது நாள். கையில் எடுத்துப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

அதன்பிறகு தம்பி சுபினய் எவ்வளவோ முயன்றார். கடன் ஏறியது. 1926-27 வாக்கில் நிறுவனம் முழுகி, கர்பார் வீடும் கைவிட்டுப் போனது. ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். 1895இல் இந்த வித்தை தெரிந்தவர் இவர் ஒருவர்தான்; முப்பது ஆண்டில் ஊரில் பலர் பிளாக் செய்யத் தொடங்கிவிட்டனர். வித்தை பொதுவானதும் கூலி இறங்கும். அதிலும் வித்தை தெரிந்த இருவரும் எட்டு ஆண்டு இடைவெளியில் போய்விட்டார்கள். கூலி வேலை தளர்ந்தால் அதன் தோளில் நிற்கும் குழந்தை இதழ் எப்படி நிற்கும்? கணக்கு எழுதுகிறவன் பார்வை இது; அந்த நிறுவனத்தின் பேரேட்டை நான் பார்த்ததில்லை.

தாயார் சுப்ரபா, ஆறு வயதுகூட நிறையாத சத்யஜித்தை அழைத்துக்கொண்டு பவானிப்பூரில் சகோதரர் வீட்டுக்குப் போனார். கர்பார் வீட்டு அச்சுக்கூடத்தில் சுற்றித் திரிந்ததைச் சத்யஜித் தம் சிறுபிராய நினைவுகளில் எழுதியிருக்கிறார். கிறுக்கிய படத்தைக் கொண்டுபோய் இது 'சந்தேஷ்'க்கு என்று கொடுப்பாராம். டர்ப்பன்டைன் வாசனை எங்கே வந்தாலும் அந்த பிளாக் அறைதான் ஞாபகம் வரும் என்கிறார். காக்காபாபுவின் கடைக்குள் நுழைந்த எவருக்கும் இது புரியும்.

வீடு போனாலும் சரடு அறுந்துபோகவில்லை. 1943இல் திலீப் குமார் குப்தா தொடங்கிய சிக்னெட் பிரஸ், வங்காளப் புத்தகத்தின் முகத்தையே மாற்றியது. சுகுமாரின் நூல்களை அழகாக மறுபதிப்புச் செய்தார்கள். அட்டை ஓவியம் போட்டவர் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்துவந்த சத்யஜித். விபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி'யைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி 'ஆம் ஆட்டீர் பேன்பு' என்று போட்டபோது அதற்குப் படம் வரையும் வேலை அவருக்கு வந்தது. வரைய உட்கார்ந்தவர் மனத்தில் அந்தக் கதை சினிமாவாக ஓடத் தொடங்கியது. 1955இல் படம் வந்தது. உலகம் கொண்டாடும் அந்தச் சினிமாவுக்கு நாற்றங்கால் ஒரு குழந்தைப் படப் புத்தகம் என்பதை நம்மவர்களில் பலர் அறியார்.

1961இல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து சத்யஜித் 'சந்தேஷ்' இதழைத் திரும்பக் கொண்டுவந்தார். பேராசிரியர் ஷோங்கு, துப்பறியும் பெலுடா எல்லாம் அதில் பிறந்தவர்கள்தான். இம்முறை சொந்த அச்சகம் இல்லை, சினிமாவில் சம்பாதித்த பெயர் இருந்தது.

சொந்தப் பட்டறை உள்ளவரிடம்தான் குழந்தைப் படம் உருப்படும் என்பதற்கு நம் பக்கமும் சாட்சி உண்டு. நான் எழுத்துக் கூட்டிப் படித்தது 'அம்புலிமாமா'வில். 1947இல் சென்னையில் அதைத் தொடங்கிய நாகிரெட்டியாருக்குச் சொந்த அச்சகம் இருந்தது. சித்ரா, சங்கர் போன்ற ஓவியர்களைக் கூடவே வைத்துக்கொண்டு, வங்காளம் உட்படப் பல மொழிகளில் ஒரே படத்தைப் போட்டார்கள். படத்துக்கான செலவு எல்லா மொழிக்கும் பங்காகிவிடும், எழுத்து மட்டும் மாறும். அதை நிறுவியவர்கள் காலத்துக்குப் பின் கைமாறி, 2013 வாக்கில் நின்றுபோயிற்று. வேதாளத்தைத் தோளில் சுமந்த விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர் 2020இல் 96 வயதில் காலமானார். தில்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1957இல் நிறுவிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் தனக்கென்று அச்சகம் வைத்துக்கொண்டது. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே இடம் போதாது.

இன்னொரு வழியும் உண்டு என்று காட்டிய புத்தகம் ரவீந்திரநாத்தின் 'சஹஜ் பாட்'. 1930இல் வந்தது. நந்தலால் போஸ் லினோலியத்தில் செதுக்கிய படங்கள். கறுப்பு, வெள்ளை, நடுவே ஒன்றுமில்லை. பழைய மரக்கட்டை முறைதான், ஆனால் இங்கே செதுக்கியவரே ஓவியர். நடுவில் கெடுக்க வேறு கை இல்லை. எத்தனை மட்டமான தாளில் அடித்தாலும் படம் நிற்கும். மேற்கு வங்கத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்தும் அந்தப் படங்கள் சலிக்கவில்லை.

அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1989இல் நம் எழுத்துப் புத்தகத்தை இரண்டாம் முறை போட்டோம். போட்டோக்களை எடுத்துவிட்டு, ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணை லினோலியத்தில் செதுக்கித் தரச் சொன்னோம். தாள் அதே மட்டரகத் தாள்தான், கிடங்கில் இன்னும் மிச்சம் இருந்தது. "இந்தத் தாள், இந்த மை" என்று முன்கூட்டியே ஒரு துண்டைக் கொண்டுபோய் அச்சகத்தில் கொடுத்தேன். காக்காபாபு வேலை இல்லாவிட்டாலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் பக்கம் இயந்திரத்திலிருந்து வந்ததும் லென்ஸை எடுத்தார், பார்க்கப் புள்ளியே இல்லை என்று சிரித்துக்கொண்டு பையில் போட்டுக்கொண்டார்.

ஆஃப்செட் வந்தபின் இங்கே பிளாக் கடைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. அவரும் இப்போது இல்லை. கர்பார் ரோட்டு வீட்டில் இன்று ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. காலை நேரத்தில் போனால் பிள்ளைகள் சத்தம் தெருவரை கேட்கும்.

கரியா என்று கேட்ட பெண் இப்போது தன் மகனை நம் ஞாயிறு வகுப்புக்கு அழைத்து வருகிறாள். 1989 பதிப்பில் முப்பது பிரதிகள்போல என் கிடங்கில் இருக்கின்றன. வகுப்புப் பிள்ளைகளுக்கு வேண்டும் என்கிற பெற்றோர் கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், விலை இல்லை. 1987 பதிப்பு ஒன்றே ஒன்று வைத்திருக்கிறேன். அதைக் கொடுப்பதாக இல்லை.